பழைய முகங்களைக் கைவிடாத மனுஷன்: அனிமே கால்பேக்குகளின் தாத்தா ஒசாமு டெசுகா

2023 தொடக்கத்துல போகிமான் பார்த்தீங்களா? கால் நூற்றாண்டு ஊர் சுற்றின ஆஷுக்கு விடை கொடுக்க 11 எபிசோட்கள் போட்டாங்க. அதில் மிஸ்டியும் ப்ராக்கும் திரும்பி வந்தாங்க. சின்ன வயசில் அவங்களோட வளர்ந்தவங்க பலருக்குக் கண்ணு வேர்த்திருக்கும். 2024-ல வந்த டிராகன் பால் டைமாவில் கோகு மறுபடியும் குட்டிப் பையன் ஆனதும் அதே கதைதான். பழைய முகம், பழைய மியூசிக், பழைய ஒரு ஷாட். அவ்ளோதான், நாம காலி!

இதைத்தான் கால்பேக், ஃபேன் சர்வீஸ், நாஸ்டால்ஜியா என்று பல பெயர்களில் சொல்கிறோம். நீண்ட நாள் ஓடும் அனிமே தொடர்கள் எல்லாமே இந்தச் சரக்கை வைத்திருக்கின்றன. சில சமயம் அது நம் நெஞ்சைத் தொடும். சில சமயம், நம் பாக்கெட்டைக் குறிவைத்து வீசிய வலை என்று அப்பட்டமாகத் தெரியும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அதைப் புரிந்துகொள்ள ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். ஜப்பானில் மாங்காவின் கடவுள் என்று கொண்டாடப்படுபவர். பெயர், ஒசாமு டெசுகா.

வீட்டுக்குள்ளேயே சினிமா

1928 நவம்பர் 3-ம் தேதி, ஒசாகா பக்கத்தில் உள்ள டொயோனகாவில் பிறந்தார் டெசுகா. வளர்ந்தது டகரசுகா என்ற ஊரில். அப்பாவிடம் ஒரு சின்ன ஃபிலிம் ப்ரொஜெக்டர் இருந்தது. மிக்கி மவுஸெல்லாம் வீட்டுச் சுவரிலேயே ஓடினால் எந்தப் பையன்தான் கார்ட்டூன் பைத்தியம் ஆகமாட்டான், சொல்லுங்க?

அந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பெண்கள் மட்டுமே நடிக்கும் டகரசுகா நாடகக் குழு. ஆண் வேடம், பெண் வேடம் எல்லாமே பெண்கள்தான். அம்மா அவரை அந்த நாடகங்களுக்கு அடிக்கடி கூட்டிப்போவார். அங்கே இந்த மாதம் இளவரசனாக வந்த நடிகை, அடுத்த நாடகத்தில் வேறு யாராகவோ வருவார். ரசிகைகள் கதைக்காக வருகிற அளவுக்கு அந்த நடிகைக்காகவும் வருவார்கள். வேடம் மாறும், முகம் மாறாது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பள்ளியில் ஒல்லியான, கண்ணாடி போட்ட, சுருட்டைமுடிப் பையன். கேலிக்கு ரெடிமேட் டார்கெட். அவரைக் காப்பாற்றியது பென்சில். படம் வரைந்து காட்டக் காட்ட, கேலி செய்தவர்களே சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். இன்னொரு கிறுக்கு, பூச்சிகள். ஒசாமுஷி என்ற வண்டின் பெயர் தன் பெயர் மாதிரியே இருக்கிறதே என்று, ஒசாமு என்பதோடு பூச்சி என்ற எழுத்தையும் சேர்த்துப் புனைபெயர் ஆக்கிக்கொண்டார்.

அவர் பிற்காலத்தில் உலகத்துக்கே காட்டிய பல முகங்கள் இந்த வயதில் கிடைத்தவைதான். பள்ளித் தோழன் ஒருவன் தன் தாத்தாவைக் கிண்டலாக வரைந்திருந்தான். வழுக்கைத் தலை, பெரிய மீசை. அதுதான் ஹிகே ஒயாஜி, அதாவது மீசைக்காரப் பெரியவர். இன்னொரு தோழனின் பின்மண்டையில் ஒரு பள்ளம். அதைப் பார்த்து வந்தவன், அசிட்டிலீன் லாம்ப் என்ற வில்லன். தங்கை கிறுக்கிய ஏதோ ஒன்று, ஒட்டுப்போட்ட சுரைக்காய்க்குப் பன்றி மூக்கு வைத்த மாதிரி இருக்கும். அதுவும் ஹியோடான் ட்ஸுகி என்ற பெயரில் அவரோடு ஒட்டிக்கொண்டது.

குண்டு மழைக்குத் தப்பியவை

அப்புறம் போர். மாணவர்களையெல்லாம் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிய காலம். டெசுகாவும் ஒசாகாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அங்கேயும் யாருக்கும் தெரியாமல் படம் வரைந்தார். 1945 ஜூனில் அந்தப் பகுதியில் குண்டுவீச்சு நடந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். சுற்றிலும் நெருப்பு, பிணங்கள். அவர் தப்பித்தது அதிர்ஷ்டம்.

இதை ஏன் சொல்றேன்னா, அவருடைய கேமியோக்களை வெறும் ஜாலி விஷயமாக மட்டும் பார்க்கக் கூடாது. பள்ளி நாட்கள், ஊர், தெரிந்த மனிதர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் சாம்பலாகலாம் என்று 16 வயதில் பார்த்தவர் அவர். அந்த மீசைத் தாத்தாவையும் பள்ளம் விழுந்த மண்டையையும் காகிதத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

அதே வருடம் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1946 ஜனவரியில் சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் முதல் காமிக்ஸ். 1947-ல் சகாய் ஷிசிமாவோடு சேர்ந்து வெளியிட்ட புதிய புதையல் தீவு, போருக்குப் பிந்தைய ஜப்பானில் சூப்பர் ஹிட். பகலில் மருத்துவம், ராத்திரியில் மாங்கா. படிப்பை முடித்து டாக்டர் லைசென்ஸும் வாங்கினார். ஆனால், வேலை என்னவோ மாங்காதான்.

முகம் அதே, வேடம் புதுசு

1948-ல் லாஸ்ட் வேர்ல்டு, 1949-ல் மெட்ரோபோலிஸ். இரண்டிலும் ஹிகே ஒயாஜி வருகிறார். அப்புறம் ஆஸ்ட்ரோ பாயில் அவரே ஆட்டமின் பள்ளி ஆசிரியர். தன் பாத்திரங்களை ஒரு நாடகக் குழுவின் நடிகர்கள் மாதிரி நடத்தினார் டெசுகா. ஒவ்வொரு கதைக்கும் தன் குழுவிலிருந்து ஆள் எடுத்து வேடம் கொடுப்பார். இதற்கு ஸ்டார் சிஸ்டம் என்று பெயர். டகரசுகா மேடை இப்போ ஞாபகம் வருதா?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. ராக் என்ற பாத்திரத்தை எடுத்துக்கோங்க. 1949-ல் அவன் நேர்மையான துப்பறியும் சிறுவன். 1966-ல் தொடங்கிய வேம்பயர்ஸ் கதையில் அதே அழகான முகத்தோடு வருகிறான். ஆனால், இப்போது கொலைகாரன். அவனுக்கு வைத்த முழுப் பெயரே மக்பெத்தை நினைவூட்டும். சின்ன வயதில் ராக்கை நேசித்த வாசகருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அசிட்டிலீன் லாம்ப், ஆரம்பத்தில் காமிக்ஸ் பாணி வில்லன். 1983-ல் தொடங்கிய அடால்ஃப் கதையில் அவன் ஹிட்லரின் ரகசிய போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடக் கிண்டலில் பிறந்த முகம், வரலாற்றின் நிஜ வில்லத்தனத்துக்குள் வந்து நிற்கிறது.

அதாவது, பழைய முகத்தைக் காட்டி, ஞாபகம் இருக்கா என்று கேட்பதோடு டெசுகா நிறுத்தவில்லை. நீ வளர்ந்துட்ட, இவனும் மாறிட்டான், இப்போ பாரு என்றார்.

சூரியனுக்குள் போன பையன்

1963 ஜனவரி 1. ஃபுஜி டிவியில் ஆஸ்ட்ரோ பாய் முதல் எபிசோட். அரை மணி நேரம், வாரா வாரம், தொடர்ந்து ஒரே கதைநாயகன். இன்றைய டிவி அனிமே நடக்கிற பாதையைப் போட்டுக்கொடுத்தது இந்தத் தொடர்தான். டெசுகாவின் சொந்த நிறுவனமான முஷி ப்ரொடக்‌ஷன் தயாரித்தது. சேனலுக்கு விற்ற விலை, செலவைவிடக் குறைவு. நஷ்டத்தைச் சமாளிக்க, வரைந்த படங்களைப் பத்திரமாக அடுக்கி வைத்து, ஆட்டம் பறக்கும் காட்சி, ஓடும் காட்சி என்று திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பேங்க் சிஸ்டம் என்றே அதற்குப் பெயர். ஒரே உருமாறும் காட்சி ஒவ்வொரு எபிசோடிலும் வருகிறதே என்று நீங்கள் சலித்துக்கொண்டதுண்டா? அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

193 எபிசோட்கள். 1966 டிசம்பர் 31-ம் தேதி கடைசி எபிசோடில், பூமியைக் காப்பாற்ற ஆட்டம் ராக்கெட்டோடு சூரியனுக்குள் போய்விடுகிறான். ஆனால், ஆட்டமை விட முடியவில்லை. 1967-ல் ஒரு செய்தித்தாளில், அந்த முடிவிலிருந்தே கதையைத் தொடர்ந்தார் டெசுகா. 1980-ல் கலரில் மறுபடியும் ஒரு டிவி தொடர், 52 எபிசோட்கள்.

ஆட்டம் அவருக்கு வரம் மட்டுமல்ல, சுமையும்கூட. மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிற பையனின் கதையை அவர் சொன்னார். பலர் அதை அறிவியலுக்கு அடிக்கிற ஜால்ராவாக எடுத்துக்கொண்டார்கள் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ராக்கை மாற்ற முடிந்த அவரால் ஆட்டமை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியவில்லை. ரசிகர்களுக்கு அதே சிரிப்பு, அதே கூர்முடி வேண்டும். பிரமாண்ட ஹிட் கொடுத்த எல்லாத் தொடர்களும் மாட்டிக்கொள்ளும் பொறி இது.

எல்லாம் முடிந்தது என்றபோது

1960-களின் கடைசியில் காற்று திசை மாறியது. கெகிகா என்கிற கறாரான, பெரியவர்களுக்கான காமிக்ஸ் வந்துவிட்டது. டெசுகாவின் உருண்டைக் கண் பாத்திரங்கள் பழசாகத் தெரிந்தன. 1971-ல் முஷி ப்ரொடக்‌ஷன் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1973-ல் நிறுவனம் திவால். வயது 45, கழுத்துவரை கடன். டெசுகாவின் காலம் முடிந்தது என்றே துறையில் பலர் நினைத்தார்கள்.

அந்த 1973 நவம்பரில்தான் ஷோனென் சேம்பியன் வார இதழில் ஒரு தொடர் ஆரம்பித்தது. சில வாரங்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. பழைய நட்சத்திரங்கள் எல்லோரும் வந்து தலைகாட்டும் நினைவு விழா மாதிரியான ஏற்பாடு. சுருக்கமாகச் சொன்னால், மரியாதையான வழியனுப்பு விழா. முழுக்க முழுக்க ஃபேன் சர்வீஸ்!

அந்தத் தொடர், பிளாக் ஜாக். முகத்தில் தையல் தழும்போடு, லைசென்ஸ் இல்லாமல், எக்கச்சக்கமாக ஃபீஸ் கேட்கும் சர்ஜன். அவனிடம் வரும் நோயாளிகளாகவும் டாக்டர்களாகவும் பழைய முகங்கள் வந்தன. ஹிகே ஒயாஜி, லாம்ப், ராக், ஏன், டெசுகாவே ஒரு டாக்டராகத் தலைகாட்டுவார். ஆனால், வந்தவர்கள் கைகாட்டிவிட்டுப் போகவில்லை. அவர்களுக்கு நோய் வந்தது, கடன் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். தான் படித்தும் தொழிலாகச் செய்யாத மருத்துவத்தை டெசுகா இதில் முழுசாகக் கொட்டினார். சில வாரங்கள் என்று தொடங்கிய தொடர் 240 அத்தியாயங்களைத் தாண்டியது. வழியனுப்பு விழாவுக்கு வந்த பழைய நடிகர்கள், முதலாளியையே தூக்கி நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தெம்பில், ஜாலியான கிராஸ்ஓவர்களும் செய்தார். 1978-ல் வந்த டிவி படமான பேண்டர் புக்கில் பிளாக் ஜாக் விண்வெளிக் கொள்ளைக்காரன். அடுத்த வருடம் வந்த மரைன் எக்ஸ்பிரஸில் ஆட்டம் மனிதப் பையனாக வருகிறான், கூடவே பிளாக் ஜாக், இளவரசி சஃபையர், வெள்ளைச் சிங்கம் லியோ என்று பெரிய பட்டாளம். மல்டிவெர்ஸ் என்ற வார்த்தை நம் வாயில் நுழைவதற்கு ரொம்ப நாள் முன்பே!

ஆனால், இந்த உத்தியின் உச்சம் ஃபீனிக்ஸ். தன் வாழ்க்கைப் படைப்பு என்று அவர் கருதிய தொடர். பழங்காலக் கதை ஒன்றில் குளவிகள் கொட்டி ஒரு வீரனின் மூக்கு பெரிதாக வீங்கிவிடுகிறது. அந்த மூக்கோடு அவன் யுகம் யுகமாக, வேறு வேறு பிறவிகளில் திரும்பி வருகிறான். எதிர்காலக் கதையில் அவன் தனிமையில் வாடும் ஒரு விஞ்ஞானி. ஒவ்வொரு பிறவியிலும் அன்புக்கு ஏங்குகிறான். இங்கே கால்பேக் என்பது விசிலடிக்கிற விஷயம் இல்லை. அது கர்மா. அந்த மூக்கைப் பார்த்ததும் நமக்கு வருவது சந்தோஷம் இல்லை, பெருமூச்சு.

பென்சிலும் வாரிசுகளும்

1989 பிப்ரவரி 9-ம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் டெசுகா இறந்தார். வயது 60. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தவர், மூன்று தொடர்களைப் பாதியில் விட்டுப் போனார். ஃபீனிக்ஸும் முடியவில்லை. வாழ்நாளில் வரைந்தது சுமார் 1,50,000 பக்கங்கள்.

ஆனால், ஆட்டம் நிற்கவில்லை. கதைப்படி அவன் பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்த நாள் நிஜமாகவே வந்தபோது, நீஸா நகராட்சி அவனைக் குடிமகனாகப் பதிவுசெய்தது. கதையில் அவன் பிறந்த இடமான டோக்கியோவின் டகடனோபாபா ரயில் நிலையத்தில் ரயில் கிளம்பும்போது ஆட்டமின் பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது. செம நாஸ்டால்ஜியா, இல்லையா?

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. நவோகி உரசவா என்ற மாங்கா கலைஞர், ஆட்டம் கதைகளில் தனக்குப் பிடித்த, உலகின் வலிமையான ரோபோக்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படும் கதையை மறுபடி சொல்ல அனுமதி கேட்டார். டெசுகாவின் மகன் மகோடோ போட்ட முக்கியமான கண்டிஷன், அப்பாவின் பாணியைக் காப்பியடிக்காமல் உரசவா தன் சொந்தப் பாணியில் வரைய வேண்டும் என்பதுதான். அப்படிப் பிறந்தது ப்ளூட்டோ. மூலக்கதையில் சின்ன வேடத்தில் வந்த ஒரு ஜெர்மன் ரோபோ போலீஸ், இதில் கதைநாயகன். ஆட்டமுக்குக் கூர்முடிகூட கிடையாது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோட்களாக வந்ததே, அதேதான்.

அப்பாவைத் தெரிந்த மகன் கேட்க வேண்டிய கண்டிஷன் அது. முகம் பழசாக இருக்கலாம், வேடம் புதுசாக இருக்கணும். அடுத்த முறை உங்கள் ஃபேவரிட் தொடரில் ஒரு பழைய பாத்திரம் என்ட்ரி கொடுக்கும்போது, விசிலடிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி கேளுங்க. இவங்களுக்கு இந்தக் கதையில் ஏதாவது வேலை இருக்கா, இல்லை போட்டோவுக்கு நிற்க வந்தாங்களா?

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டீங்கன்னா, பிளாக் ஜாக். சின்ன வயதில் பிளாக் ஜாக்கின் உயிரைக் காப்பாற்றிய டாக்டர் ஹோன்மா வரும் அத்தியாயத்தில் கொஞ்சம் நிதானமா நில்லுங்க. அவருக்கு ரொம்பப் பெரிய மூக்கு. அது எத்தனை பிறவி தாண்டி வந்த மூக்கு என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.