ஃபாரடேயும் என் பூஜ்யமும்

புராஜெக்டுக்காக கம்ப்யூட்டரில் ஒரு காயிலையும், அதன் அருகே ஒரு செப்புத் தகட்டையும் வரைந்தேன். காயிலில் 5 ஆம்பியர் கொடுத்து, தகட்டில் எவ்வளவு மின்னோட்டம் தூண்டப்படுகிறது என்று சாஃப்ட்வேரைக் கேட்டேன். பூஜ்யம் என்றது. மூன்று நாள் போராடினேன். பூஜ்யமேதான். ரிப்போர்ட் கொடுக்க இன்னும் இரண்டே நாள். தலைப்பையே மாத்திடலாமான்னு தோணிச்சு. அப்போதுதான் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கையைப் படித்தேன்.

1791-ல் ஒரு கொல்லரின் மகனாய்ப் பிறந்தவர். 14 வயதில் லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1825-ல் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியை வைத்துப் பார்த்தார். அவருக்கும் பூஜ்யம்தான்! ஆனால் மனுஷன் விடலையே. 1831 ஆகஸ்ட் 29 அன்று, இரண்டு காயில் சுற்றிய இரும்பு வளையத்தை எடுத்தார். ஒரு காயிலில் பேட்டரியை இணைத்த கணத்தில், மற்றதன் கம்பியருகே இருந்த காந்த ஊசி துடித்து அடங்கியது. பிரித்த கணத்தில் மீண்டும் துடித்தது. மாறும் காந்தப்புலம்தான் மின்சாரத்தைத் தூண்டும்! கணிதம் அதிகம் அறியாத அவரது கருத்தைப் பின்னாளில் மேக்ஸ்வெல் சமன்பாடாக்கினார். நம் சாஃப்ட்வேர் போடும் கணக்கும் அதுதான்.

லேபுக்கு ஓடினேன். ஃப்ரீக்வென்சி கட்டத்தில் 0! அதை 50 ஆக்கியதும் தகட்டில் சுழல் மின்னோட்டம் வண்ண வண்ணமாய்த் தெரிந்தது.

சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை. நான்தான் மாறாத மின்சாரத்தைக் கொடுத்திருந்தேன். 1867-ல் மறைந்த ஃபாரடேதான் என் புராஜெக்டைக் காப்பாற்றினார். உங்களுக்கும் பூஜ்யம் வந்தா சோர்ந்துடாதீங்க. எதை மாத்தலைன்னு பாருங்க!