பந்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய பையன்

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் கூடைப்பந்து ஆடினார். மூன்றே ஆண்டுகள்தான் ஆடினார். 83 பந்தயங்களில் 3,667 புள்ளிகள் குவித்தார். பந்தயம் ஒன்றுக்கு 44 புள்ளிக்கு மேல்!

ஒரு கோஷ்டி முழுவதும் சேர்ந்து 80 புள்ளி எடுத்தால் நல்ல ஆட்டம் என்பார்கள். அதில் பாதிக்கு மேல் இவர் ஒருவரே எடுத்துவிடுவார்.

அவர் பெயர் பீட் மாராவிச்.

அவருடைய நெஞ்சுக்குள் ஒரு பெரிய குறை இருந்தது. அது அவருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அப்பாவின் கனவு

பென்சில்வேனியா மாகாணத்தில் ஆலிக்விப்பா என்று ஓர் ஊர். இரும்பு ஆலை ஊர். அங்கே 1947-ம் ஆண்டு ஜூன் 22-ந்தேதி பீட் பிறந்தார்.

தந்தையை எல்லோரும் பிரஸ் மாராவிச் என்று அழைப்பார்கள். பிழைக்க வந்த செர்பியர் குடும்பம். சிறு வயதில் அவர் தெருத்தெருவாகப் பத்திரிகை விற்றார். அதனால்தான் பிரஸ் என்ற பெயர்.

பிரஸ்சுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். இரண்டாவது உலகப் போரில் கடற்படை விமானம் ஓட்டினார். போர் முடிந்ததும் சம்பளத்துக்குப் பந்து ஆடினார். அந்தக் காலத்தில் அந்த ஆட்டத்தில் பணம் இல்லை. பிறகு பயிற்சியாளர் ஆனார்.

தம்மால் முடியாததை மகன் செய்ய வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மகனை அவர் வற்புறுத்தவில்லை. தந்திரம் செய்தார். வீட்டு வாசலில் நின்று தாமே பந்து போட்டுக்கொண்டிருப்பார். பையன் வேடிக்கை பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் தானும் போட வேண்டும் என்று அடம் பிடிப்பான். அப்படித்தான் அவனைப் பந்து பிடித்துக்கொண்டது.

சினிமாவுக்குப் போனால் பீட் ஓர இருக்கையில் உட்காருவான். படம் ஓடும், நடைபாதையில் பந்தும் குதிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவான். தந்தை காரை ஓட்டுவார். பையன் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, ஓடும் காருக்குப் பக்கத்தில் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவான். வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பந்து கையை விட்டுப் போகக் கூடாது!

இரவில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவான்.

இதை அன்பு என்பதா, வெறி என்பதா? அந்த வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது. தாய் ஹெலன் குடிப்பழக்கத்தில் விழுந்தார். மகனும் பள்ளிக்கூட நாளிலேயே குடிக்கக் கற்றுக்கொண்டான்.

சின்னப் பையனாக இருந்தபோது பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிய அவனுக்குப் பலம் போதவில்லை. இடுப்புப் பக்கத்திலிருந்து எறிவான். உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவிச் சுடுவது போல இருக்கும். அதனால் 'பிஸ்டல் பீட்' என்று பெயர் வந்தது. சாகும் வரை அந்தப் பெயர் போகவில்லை.

மாட்டுக் கொட்டகையில் கூட்டம்

1966-ல் லூயிசியானா மாகாண சர்வகலாசாலையில் பிரஸ்சுக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பீட்டுக்கு வேறு கல்லூரியில் சேர ஆசை. தந்தை விடவில்லை. தம் கோஷ்டியிலேயே சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சர்வகலாசாலையில் கூடைப்பந்தை யாரும் மதித்ததில்லை. கால்நடைக் கண்காட்சி நடத்தக் கட்டிய கட்டிடத்தில்தான் பந்தயம் நடக்கும். முதல் ஆண்டு மாணவர் பெரிய கோஷ்டியில் ஆடக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே பீட் சிறிய கோஷ்டியில் ஆடினார். அந்த ஆண்டு பெரிய கோஷ்டி 26 பந்தயங்களில் 23-ல் தோற்றது! ஜனங்கள் பீட் ஆடும் பந்தயத்தைப் பார்ப்பார்கள். பெரிய கோஷ்டி களத்தில் இறங்கும்போது எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அவர்களில் இருவரைக் 'கார்டு' என்பார்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே களத்தைக் கடந்து வந்து, கூடைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எடுத்துக் கொடுப்பது கார்டின் முக்கிய வேலை. பீட் கார்டாகத்தான் ஆடினார். ஆனால் உயரம் 6 அடி 5 அங்குலம். பந்தை முதுகுக்குப் பின்னால் கொடுப்பார். கால்களுக்கு நடுவில் கொடுப்பார். ஒரு பக்கம் பார்ப்பார். பந்து மறு பக்கம் போகும். எதிரிகள் மட்டுமல்ல, சொந்தக் கோஷ்டிக்காரர்களே ஏமாறுவார்கள். கணுக்காலில் சரிந்து கிடக்கும் சாம்பல் நிறக் காலுறை அவருடைய அடையாளம் ஆயிற்று.

கூடைக்குள் போட்டால் 2 புள்ளி. எதிரி தப்பு செய்தால் கிடைக்கும் தனி வீச்சுக்கு 1 புள்ளி. தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி என்ற சட்டம் அப்போது கிடையாது. அந்தக் கணக்கில்தான் 3,667 புள்ளிகள் எடுத்தார்.

ஆனால் வெற்றி?

1970 பிப்ரவரி 7-ந்தேதி அலபாமா சர்வகலாசாலையுடன் பந்தயம். பீட் ஒருவரே 69 புள்ளி எடுத்தார். ஆட்ட முடிவில் அலபாமா 106, லூயிசியானா 104! மூன்று ஆண்டுகளிலும் தேசியச் சாம்பியன் போட்டிக்கு அவருடைய கோஷ்டி தகுதி பெறவே இல்லை.

பீட் கொண்டுவந்த கூட்டத்தால் சர்வகலாசாலை பெரிய அரங்கு ஒன்றைக் கட்டியது. 1972-ல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தந்தை பிரஸ்சை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

19 லட்சம் டாலர்

1970-ல் அட்லாண்டா ஹாக்ஸ் என்ற தொழில்முறைக் கோஷ்டி பீட்டை எடுத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் டாலர் சம்பளம். அது வரை அந்த ஆட்டத்தில் கேள்விப்படாத தொகை. பல ஆண்டுகளாக வேர்வை சிந்திய மூத்த ஆட்டக்காரர்களுக்கு மனம் எரிந்தது. கல்லூரியை விட்டு நேற்று வந்த பையனுக்கு இத்தனை பணமா என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் கோபத்தையும் தப்பு என்று சொல்ல முடியாது.

நான்கு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. 1974-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற புதிய கோஷ்டிக்கு அவரை மாற்றினார்கள். அந்த ஆண்டில் ஒரு பத்திரிகை நிருபரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பத்து ஆண்டு ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பில் சாகத் தமக்கு விருப்பம் இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அதே ஆண்டு அக்டோபரில் தாய் ஹெலன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பீட் உடைந்து போனார். ஆனாலும் களத்துக்குத் திரும்பி வந்தார்.

1976-77-ல் பந்தயத்துக்குச் சராசரி 31.1 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலாவதாக வந்தார். 1977 பிப்ரவரி 25-ந்தேதி நியூயார்க் நிக்ஸ் கோஷ்டிக்கு எதிராக 68 புள்ளி!

மறு ஆண்டு ஜனவரி 31-ந்தேதி. பபலோ கோஷ்டியுடன் பந்தயம். பீட் அந்தரத்தில் எழும்பி, கால்களுக்கு நடுவில் பந்தைக் கொடுத்தார். கீழே இறங்கும்போது முழங்கால் பிசகியது. அதற்குப் பிறகு அவர் பழைய பீட்டாக ஆகவே இல்லை.

1979-ல் ஜாஸ் கோஷ்டி யூட்டா மாகாணத்துக்கு இடம் மாறியது. அங்கே அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 1980 ஜனவரியில் விலக்கியே விட்டார்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் கோஷ்டி சேர்த்துக்கொண்டது. அந்தப் பருவத்தில்தான் அவர் ஆடிய தொழில்முறைப் பந்தயங்களில் 3 புள்ளிச் சட்டம் வந்தது. பீட் 15 முறை எறிந்தார். 10 விழுந்தன. முழங்கால் போயிற்றே தவிர, குறி போகவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே பாஸ்டன் கோஷ்டி சாம்பியன் ஆயிற்று! பத்து ஆண்டு தொழில்முறை ஆட்டத்தில் 15,948 புள்ளி எடுத்தவருக்கு ஒரு சாம்பியன் பட்டம்கூட இல்லை.

பந்து இல்லாத நாட்கள்

விளையாட்டை விட்ட பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பந்தைத் தவிர வேறு எதையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே! வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். யோகாசனம் பழகினார். மாமிசத்தை விட்டார். பறக்கும் தட்டில் வருகிறவர்கள் தம்மை அழைத்துப் போகட்டும் என்று கூரையில் எழுதி வைத்தார் என்றும் சொல்வார்கள்.

1982-ல் கிறிஸ்தவ மதத்தில் தீவிர பக்தி கொண்டார். மதுவை விட்டார். மனைவியோடும் இரண்டு ஆண் குழந்தைகளோடும் நிம்மதியாக வாழத் தொடங்கினார். சிறுவர்களுக்குப் பந்து கற்றுக் கொடுத்தார். தந்தை தமக்குக் கற்றுத் தந்த வித்தைகளையே படமாகப் பிடித்து வெளியிட்டார்.

தந்தைக்குப் புற்றுநோய் வந்தது. பீட் அவர் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டார். 1987 ஏப்ரலில் பிரஸ் இறந்தார். சில வாரங்களில் கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் பீட்டின் பெயரைச் சேர்த்தார்கள். அதைப் பார்க்க வேண்டியவர் இல்லை.

1988 ஜனவரி 5-ந்தேதி. கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊர். ஒரு வானொலிப் பேட்டிக்காக பீட் வந்திருந்தார். காலையில் ஒரு மாதாகோவில் விளையாட்டு அறையில் நண்பர்களுடன் பொழுதுபோக்காகப் பந்து ஆடினார். ஆட்டத்துக்கு நடுவில் சற்று நின்றார்கள். பேசிக்கொண்டே நின்றவர் திடீரென்று சாய்ந்தார். பிறகு எழவில்லை. வயது 40.

டாக்டர்கள் உடலைச் சோதித்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்க எல்லோருக்கும் இரண்டு முக்கிய ரத்தக்குழாய்கள் உண்டு. பீட்டுக்கு இடது பக்கத்துக் குழாய் பிறவியிலேயே இல்லை! ஒரு குழாயை வைத்துக்கொண்டு அவர் அத்தனை ஆண்டு ஓடியிருக்கிறார். டாக்டர்களுக்கே நம்ப முடியவில்லை.

பேட்டன் ரூஜ் நகரில் அவரால் எழுந்த அந்த அரங்குக்கு 1988-ல் அவர் பெயரையே வைத்தார்கள். 2022-ல் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

2023-ல் ஆன்டாய்ன் டேவிஸ் என்ற கல்லூரி ஆட்டக்காரர் 3,664 புள்ளி வரை வந்து நின்றார். மூன்றே புள்ளி குறைவு! அவர் ஆடிய பந்தயங்கள் 144. 3 புள்ளிச் சட்டமும் அவருக்கு இருந்தது. 2024 மார்ச் 3-ந்தேதி, அயோவா சர்வகலாசாலைப் பெண்கள் கோஷ்டியில் ஆடிய கெய்ட்லின் கிளார்க், தனி வீச்சு ஒன்றைக் கூடைக்குள் போட்டு 3,667-ஐத் தாண்டினார். அவரும் கார்டுதான். பீட் இறந்து 14 ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்.