நாம் மறந்த மேதை டாக்டர் சுப்பாராவ்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நம் பழைய மாணவர்கள் அத்தனை பேரும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஹாஸ்டல் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதை மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயரை நாம் எல்லோருமே முதலாண்டு ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறோம். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, ஞாபகம் வருதுங்களா? ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு பார்ப்பதற்காகப் புரதம் நீக்கிய வடிநீரில் அம்மோனியம் மாலிப்டேட் சேர்ப்போம். பிறகு ஒடுக்கும் கரைசலை ஊற்றி, நீல நிறம் வந்ததும் கலரிமீட்டரில் ரீடிங் எடுப்போம். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு. அந்த சுப்பாராவ் யார் என்று வைவாவில்கூட யாரும் கேட்டதில்லை.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணம். நம்ம சேலமும் அதே மாகாணம்தான். எளிய குடும்பம். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. மாமனார்தான் படிப்புச் செலவுக்குக் கை கொடுத்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். இவர் அறுவைசிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போய் நின்றார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கலை. ஒருபடி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே வீட்டில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற நோய் சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கும் சோகையுமாக ஆளை உருக்கிவிடுகிற நோய் அது. மருந்து யாரிடமும் இல்லை.

மாமனார் தந்த பணமும் காக்கிநாடா தரும ஸ்தாபனம் ஒன்றின் உதவியும் சேர்ந்து 1922 அக்டோபரில் அவரைப் பாஸ்டன் நகருக்குக் கொண்டு சேர்த்தன. பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. இரவில் வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலத் தட்டுகளைக் கழுவும் வேலை. டாக்டருக்குப் படித்தவர்தான் இதைச் செய்தார் என்பதை நம் இளைய தம்பிகள் கவனிக்க வேண்டும்.

பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். 1925-ல் நம்ம நீல நிறச் சோதனை வெளியாயிற்று. தசைச் சாற்றில் அதைச் செய்தபோது நீலம் உடனே முழுசாக வராமல், மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவர் என்றால் ரீஏஜென்ட் சரியில்லை என்று கொட்டியிருப்பார். இவர்கள் விடவில்லை. பாஸ்பேட் ஏதோ ஒன்றோடு கட்டுண்டு கிடந்து, சோதனைக் குழாயில் சிறுகச் சிறுக விடுபடுகிறது என்று பிடித்தார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. இரண்டே ஆண்டில், 1929-ல், ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டு வெளியிட்டார். தசை சுருங்கச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற பாடமே இதனால் மாறிப்போயிற்று.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் வெளியே வரவிடவில்லை என்றும், அவற்றைப் பின்னால் மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அதே ஆய்வகத்தில் படித்து 1988-ல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் எழுதியிருக்கிறார்.

1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். எட்டே ஆண்டுகளில் அவர் தலைமையில் நடந்ததைப் பாருங்கள். 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. பம்பாய் நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களின் சோகை ஈஸ்ட் சாற்றில் குணமாகிறது என்று லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் இது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தாயிற்று. என்ன, இருபத்தைந்து வருஷம் தாமதம்!

ஃபோலிக் அமிலத்தின் உருவைச் சற்றே மாற்றினால் செல் பெருகுவதைத் தடுக்கலாம். அப்படி வந்த அமினோப்டெரினை சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-ல் அறிவித்தார். அதன் தம்பி மெத்தோட்ரெக்ஸேட்டை இன்று மூட்டுவாதத்துக்குக்கூட நாம் எழுதுகிறோம். 1947-ல் யானைக்கால் புழுவுக்கு ஹெட்ரசான் வந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். ஈசனோபீலியா என்று இருமிக்கொண்டு வந்தவர்களுக்கு நம் ஊர் டாக்டர்கள் எழுதியதும் அதுதான். 2004 முதல் யானைக்கால் ஒழிப்புக்காக வீடு வீடாக அரசு கொடுத்ததும் அதே மருந்து. டெட்ராசைக்ளின் வகையின் மூத்த பிள்ளையான ஆரியோமைசினை அவர் குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர் கண்டார். அது 1948-ல் வெளிவந்தது.

அதே 1948 ஆகஸ்டில் மாரடைப்பால் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை இல்லை, நோபல் இல்லை. தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இங்கே விட்டுப்போன மனைவி சேஷகிரி அம்மாள் காத்திருந்ததுதான் மிச்சம். மேதையின் கணக்கை எழுதும்போது அந்த அம்மாவின் நஷ்டத்தையும் ஒரு வரி எழுத வேண்டும். 1995-ல், நூற்றாண்டில், இந்தியா அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்க இளம்பிள்ளையில் பட்டுச்சேலை நெய்கிற தறி வீடுகளுக்கு நடுவே, மாசமான பெண்ணுக்கு நர்சம்மா கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் கஞ்சமலை இரும்புக்குப் பேர் போனது. ஆனாலும் ரத்தம் ஊற இரும்பு மட்டும் போதாது என்று உலகுக்குக் காட்டிய வரிசையில், பம்பாய் மில் பெண்களுக்கும் பீமவரத்துப் பையனுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, மாணவர் சம்பந்தப்பட்டது. கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து முதலாண்டு அனாடமியிலோ பயோகெமிஸ்ட்ரியிலோ தவறிவிட்டு, வீட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டு ஹாஸ்டலில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. முதல் மதிப்பெண் வாங்கியவருக்குத் தங்கப் பதக்கம் தர நிறைய பேர் இருக்கிறார்கள். இரண்டு முறை ஃபெயிலான பையனை மூன்றாம் முறை எழுத வைக்கத்தான் ஆள் வேண்டும். நம் சங்க நிதியில் ஒரு பகுதியை அத்தகைய மாணவர்களின் மறுதேர்வுக் கட்டணத்துக்கும், மாலை நேர வகுப்புக்கும் ஒதுக்கலாம். ஓய்வு பெற்ற நம் நண்பர்கள் வாரம் ஒரு நாள் பாடம் எடுக்கலாம். பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குச் சுப்பாராவ் பெயரையே வைத்தால் பொருத்தமாக இருக்கும்.