முக்கோணமும் லாம்டன் துரையும்

வகுப்பில் நாம் நாடோறும் உச்சரிக்கும் முக்கோணம் என்னுஞ் சொல் அவ்வுருவை அதன் கோணங்களால் குறிப்பது. யவனர் இட்ட பெயரும் அத்தகையதே. வடமொழியாரோ திரிகோணம் என்றதோடு, பக்கங்களைப் புஜங்களாகக் கண்டு திரிபுஜம் என்றுங் கூறினர். கோணத்தாற் பெயரிட்டதன் அருமையை வில்லியம் லாம்டன் துரையின் சரித்திரத்திலே காணலாம்.

யார்க்ஷயரிற் பிறந்த இவர் அமெரிக்காவிற் படைஞராயிருந்தபோது சூரியகிரகணத்தை நோக்கி ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1799இல் சீரங்கப்பட்டணப் போரிற் கலந்துகொண்டபின், தென்னாட்டை அளக்கத் துணிந்தார். 1802 ஏப்ரலிற் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு பக்கத்தையும் சங்கிலியிட்டு அளக்க வேண்டுவதில்லை. ஒரு பக்கமும் இரு கோணங்களுந் தெரியின் ஏனைய பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். சரிபார்ப்பதற்கே ஆங்காங்கு வேறு அடிக்கோடுகள் அளந்தனர்.

ஆகவே குன்றுதோறும் கோபுரந்தோறும் அரை டன் எடையுள்ள தியோடலைட் ஏறிற்று. 1808இல் தஞ்சைப் பெருங்கோயிலில் ஏற்றுகையில் கயிறு அற்று, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொன்று வேண்டின் சீமையினின்று கப்பலில் வரவேண்டும். துரையவர்கள் கூடாரத்தை அடைத்துக்கொண்டு, ஆறு வாரம் அல்லும் பகலும் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே சீராக்கினார். ஒற்றைக்கண்ணர் செய்த வேலை இஃது என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் தொடங்கிய பேரளவைக்கோடு குமரிமுனையினின்று 78ஆம் பாகை நெடுங்கோட்டை ஒட்டி வடக்கே சென்றது. நம் தருமபுரியும் அக்கோட்டிற்கு அண்மையதே. 1823 ஜனவரி 20இல், நாகபுரிக்குச் செல்லும் வழியில், ஹிங்கன்காட்டிலே அவர் உயிர்நீத்தார். எஞ்சியதை எவரெஸ்டு துரை 1841இல் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுபோய் முடித்தார்.