டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை... போர்க்கால மருத்துவமனைகளில் கவிஞர் வால்ட் விட்மனுக்கு என்ன வேலை?

1862 டிசம்பர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் அடிபட்டவர்களின் பட்டியல் நியூயார்க் செய்தித்தாளில் வருகிறது. அதில் ஒரு பெயர் அச்சுப்பிழையோடு ‘விட்மோர்’ என்று இருக்கிறது. புரூக்ளினில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் அது யார் என்று உடனே புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் விட்மன். தம்பியைத் தேடி அண்ணன் அவசரமாகக் கிளம்பினார்.

அந்த அண்ணன்தான் வால்ட் விட்மன். 1855-ல் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பைச் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டவர். யாப்புக்குள் அடங்காமல் அவர் எழுதிய கவிதைகளைப் பற்றி நம்ம பாரதியாரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஆனா 1862-ல் விட்மன் அப்படியொன்றும் கொண்டாடப்பட்டவர் இல்லை. வயது 43. நிலையான வேலை கிடையாது. புத்தகம் ஆபாசம் என்ற கெட்ட பெயர் வேறு.

பயணமும் சரியாக அமையவில்லை. பிலடெல்பியாவில் ரயில் மாறும்போது யாரோ பணத்தை அடித்துவிட்டார்கள். வாஷிங்டனில் காசே இல்லாமல் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார். கடைசியில் வர்ஜீனியாவில், ஃபால்மத் என்ற ஊரிலிருந்த ராணுவ முகாமில் தம்பியைக் கண்டுபிடித்தார். கன்னத்தில் குண்டுச் சிதறல் கிழித்த காயம், அவ்வளவுதான். ஜார்ஜ் நன்றாகவே இருந்தார்.

ஆனால் அங்கே, மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்த ஒரு மாளிகையின் வாசலில், மரத்தடியில் வெட்டிப் போடப்பட்ட கைகளும் கால்களும் குவிந்து கிடந்ததை விட்மன் பார்த்தார். தம்பியைப் பார்த்த கையோடு அவர் புரூக்ளினுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ரயிலிலும் படகிலும் கூடவே வாஷிங்டன் வந்தார். வழியில் அவர்கள் வீட்டுக்குச் சொல்லச் சொன்ன செய்திகளைக் குறித்துக்கொண்டார். சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்பு, வருடக்கணக்காக நீண்டது.

முதல் சில நாட்களிலேயே நடந்த ஒரு சம்பவம். கேம்ப்பெல் மருத்துவமனையில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஓர் இளம் வீரர் கிடந்தார். உடம்பில் குண்டுக் காயம் எதுவும் இல்லை, கடுமையான வயிற்றுப்போக்கு. அந்தப் போரில் குண்டடி பட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்கள்தான் அதிகம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காயம் கண்ணுக்குத் தெரியும், யாராவது ஓடி வருவார்கள். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடப்பவரை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அவரும் இனிப் பிழைக்கப்போவதில்லை என்ற முடிவுக்கே வந்துவிட்டார்.

விட்மன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, வார்டுக்குள் பால் விற்க வரும் பெண்ணிடம் பால் வாங்கிக் குடிக்க ஆசையாக இருக்கிறது, கையில் காசில்லை என்றார் அந்த இளைஞர். விட்மன் சில்லறைக் காசு கொடுத்தார். அதற்கே அவர் அழுதுவிட்டார். பிறகு உடம்பு தேறியது. அன்று நீங்கள் வந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று விட்மனிடம் பின்னாளில் சொன்னார். பால் காப்பாற்றியதா, கடிதம் காப்பாற்றியதா, தெரியாது. விட்மனைப் பொறுத்தவரை, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்வதும் மருந்துதான்.

காலையில் சில மணி நேரம் ராணுவச் சம்பள அலுவலகத்தில் நகல் எழுதும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, சாப்பாடு எல்லாம். மீதி நேரம் மருத்துவமனை. போவதற்கு முன் ஒரு தயாரிப்பு உண்டு: ஓய்வெடுப்பார், குளிப்பார், துவைத்த உடை உடுத்துவார், வயிறாரச் சாப்பிடுவார். சோர்ந்த முகத்தோடு வார்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவர் கணக்கு. தோளில் ஒரு பை. அதில் ஆரஞ்சு, ஆப்பிள், பிஸ்கட், புகையிலை, காகிதம், உறை, தபால்தலை.

இன்னொரு பொருளும் உண்டு, சின்ன நோட்டு. எந்த மருத்துவமனை, எந்த வார்டு, எத்தனையாவது படுக்கை, அவருக்கு என்ன வேணும் என்று அதில் எழுதிக்கொள்வார். ஒருவருக்கு அதிமதுர மிட்டாய். இன்னொருவருக்குப் படிக்க நல்ல கதைப் புத்தகம். எல்லாருக்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் அவர் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். கேட்டவருக்குக் கேட்டதுதான் மறுநாள் வரும். காசு தீர்ந்தால் பாஸ்டன், நியூயார்க் நண்பர்களுக்குக் கடிதம் போடுவார், அவர்கள் அனுப்புவார்கள். வடக்குப் படை வீரர், தெற்குப் படைக் கைதி என்ற பாகுபாடும் அவர் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் அவரைப் பிடித்ததா என்றால், இல்லை. அவருடைய கவிதைகளால் முகம் சுளித்த நர்ஸுகள், இந்த ஆள் வார்டுக்குள் வருவதையே வெறுத்தார்கள். அவர் வருவது நிற்கவில்லை.

சிலருக்கு எதுவும் கொடுக்க முடியாது. 1863 கோடையில் ஆர்மரி ஸ்கொயர் மருத்துவமனையில், படையில் குழல் வாசித்த ஓர் இளைஞர் டைபாய்டில் கிடந்தார். பேசவே தெம்பில்லை. விட்மன் இரவுகளில் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார், வெக்கையில் மூச்சு முட்டும்போது விசிறிவிடுவார். அவர் இறந்ததும், முன்பின் பார்த்திராத பெற்றோருக்கு, மகனின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று நீண்ட கடிதம் எழுதினார். பிள்ளை எங்கே, யார் கையில் போனான் என்றே தெரியாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்த காலம் அது.

1864 ஜூனில் கார்வர் மருத்துவமனைக்கு 10 கேலன், அதாவது 38 லிட்டர் அளவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப்போய், பதினைந்து வார்டுகளில் தானே சுற்றிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறை ஐஸ்கிரீம் ருசித்த கிராமத்துப் பையன்களும் அதில் உண்டு. அதே மாதம் அவரே விழுந்துவிட்டார். தலைசுற்றல், தொண்டைப் புண், தூக்கமின்மை. டாக்டர்கள் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து, 1865 ஜனவரியில் திரும்பி வந்தார்.

போர்க் காலத்தில் 600 முறைக்கு மேல் போய் வந்ததாகவும், 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை பார்த்ததாகவும் அவரே ஒரு கணக்குச் சொல்கிறார். கவிஞர் கணக்கு, கொஞ்சம் கூட்டியும் இருக்கலாம். உடம்பு கொடுத்த விலை மட்டும் நிஜம். 1873-ல் பக்கவாதம் தாக்கியது. மருத்துவமனை வருடங்கள்தான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். 1892 மார்ச் 26-ல் நியூ ஜெர்சியின் கேம்டனில் காலமானார்.

2016-ல் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர் வீரர்களின் மனைவியருக்கான பழைய ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தன்னார்வலர் கண்ணில் ஒரு கடிதம் பட்டது. காசநோயோடு கிடந்த ஒரு வீரர், உடம்பு முடியாததால் வீட்டுக்கு வர இயலவில்லை என்று மனைவிக்குச் சொல்லச் சொல்ல, வேறொருவர் எழுதியது. எழுதியவர் கீழே தன் பெயரைப் போட்டு, ஒரு நண்பர் என்று மட்டும் குறித்திருந்தார். பெயர் வால்ட் விட்மன். தேதி 1866 ஜனவரி 21. போர் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மற்ற தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் இன்னும் போய்க்கொண்டிருந்தார்.