சுகருக்கு தனி கிளினிக்... 1948-லேயே தொடங்கிய சென்னை டாக்டர்! யார் இந்த எம்.விஸ்வநாதன்?

செம்பரம்பாக்கத்தில் இருந்து பூந்தமல்லி வழியாக சென்னைக்குள் வந்தால், எங்காவது ஒரு சுகர் கிளினிக் போர்டு கண்ணில் படாமல் இருக்காது. ஆனா, சுகருக்குன்னு தனி பிரிவே இல்லாத காலமும் இருந்தது. அதை மாற்றியவர் பேராசிரியர் எம்.விஸ்வநாதன்.

ஸ்டான்லி முதல் ராயபுரம் வரை

1948-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நீரிழிவு கிளினிக்கை தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை. நார்ச்சத்து அதிகமுள்ள, நம்மூர் சாப்பாட்டுக்கு ஒத்துவரும் உணவுமுறையையும் ஆராய்ந்தார்.

தனி கிளினிக் எதற்கு?

டொரண்டோவில் 1922-ல் 14 வயது சிறுவனுக்கு இன்சுலின் போடப்படும் வரை, டைப் 1 சுகர் வந்தாலே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மருந்து வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. ஊசியை நிறுத்தினால் உடம்பு சர்க்கரைக்கு பதில் கொழுப்பை எரிக்கும். கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். இதுதான் கீட்டோஅசிடோசிஸ். தொடர் கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை. இவைதான் அறிகுறிகள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க?

ரத்தத்தில் சர்க்கரை, கீட்டோன், அமிலத்தன்மை, பொட்டாசியம் பார்ப்பார்கள். முதலில் சலைன் டிரிப், பிறகு நரம்பு வழியாக இன்சுலின். இன்சுலின் போட்டதும் பொட்டாசியம் இறங்கும். ரொம்ப குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதை சரிசெய்த பிறகே இன்சுலின். சர்க்கரை இறங்கினாலும் அமிலம் சரியாகும் வரை இன்சுலினை நிறுத்த மாட்டார்கள். குளுக்கோஸ் சேர்த்து தொடர்வார்கள். தூண்டிய காய்ச்சல், தொற்றுக்கும் சிகிச்சை உண்டு.

தென்னிந்தியாவிலும் காணப்படும் தனி வகை

கணையத்தில் கல் சேர்ந்து வரும் ஒருவகை சுகரையும் விஸ்வநாதன் குழு ஆராய்ந்தது. இதில் பலருக்கு இன்சுலின் தேவைப்பட்டாலும் கீட்டோஅசிடோசிஸ் அபூர்வம்.

1996-ல் விஸ்வநாதன் மறைந்தார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என அழைக்கப்படும் அவரது மகன்தான் டாக்டர் வி.மோகன்.

காய்ச்சல், சாப்பிட முடியலைன்னு ஊசியை நிறுத்துறது இன்னைக்கும் நடக்குது. அப்படி நீங்களாக நிறுத்தாதீங்க. உடனே டாக்டரை கேளுங்க. வாந்தி, மூச்சு வாங்கல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.