நீதியரசி ஃபுளோரன்ஸ் ஆலன்

நீதிமன்றத்தின் உயர்ந்த ஆசனம் ஆடவர்க்கே உரியது என்று உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தைத் தம் உழைப்பினாலும் நேர்மையினாலும் மாற்றிக் காட்டிய பெண்மணிகளுள் முதல் வரிசையில் நிற்பவர் அமெரிக்க நாட்டின் ஃபுளோரன்ஸ் எலின்வுட் ஆலன் அம்மையார்.

இவர் 1884ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் சால்ட் லேக் சிட்டி என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் கிளாரன்ஸ் ஆலன், யூட்டா மாநிலத்திலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற முதல் உறுப்பினர். தாயார் கொரின் அம்மையார் கல்லூரிக் கல்வி பெற்றவர், பொதுத்தொண்டில் ஈடுபட்டவர். தந்தை இலத்தீனும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார். தாய் பிறர்க்கு உழைக்கும் பண்பை ஊட்டினார்.

சிறுவயதில் ஃபுளோரன்சின் கனவு சட்டமன்று, இசை! 1904இல் பட்டம் பெற்றதும் பியானோ பயில ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். ஆனால் கையின் நரம்பு பாதிக்கப்பட்டு, மேடைக் கலைஞராகும் ஆசை கருகிப்போயிற்று. அவர் மனம் உடைந்துவிடவில்லை. கிளீவ்லாந்து நகருக்குத் திரும்பி, நாளிதழ் ஒன்றில் இசை விமரிசனம் எழுதினார். அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அப்போதுதான் சட்டத்தின் மீது அவருக்கு நாட்டம் பிறந்தது.

ஆனால் அவர் படித்த பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. சிகாகோவில் ஓராண்டு படித்தார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். பின்னர் நியூயார்க் சென்றார். இசைச் சொற்பொழிவுகள் நிகழ்த்திக் கிடைத்த பணத்தைக் கொண்டு படித்து, 1913இல் வகுப்பில் இரண்டாம் இடத்துடன் தேறினார். இசை கைவிட்ட பின்னும் அதுவே படிப்புக்குச் சோறு போட்டது எனலாம்.

1914இல் ஒஹையோ மாநிலத்தில் வழக்கறிஞரானார். அக்காலத்தில் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஊர் ஊராகச் சென்று அவ்வுரிமைக்காகப் பேசினார். கிழக்குக் கிளீவ்லாந்து என்னும் நகரம் தன் நகராட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று விதி செய்தபோது, அது செல்லாது என்று வழக்கு எழுந்தது. ஃபுளோரன்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடி, 1917இல் வெற்றி கண்டார்.

1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் அவர் கிளீவ்லாந்தில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடன் பணியாற்றிய நீதிபதிகள் விவாகரத்து வழக்குகளை மட்டும் அவரிடம் ஒப்படைக்க விரும்பினர். திருமணமாகாத தம்மை அதற்கென ஒதுக்குவது பொருந்தாது என்று கூறி மறுத்து, எல்லா வழக்குகளையும் விசாரிக்கும் உரிமையை நிலைநாட்டிக்கொண்டார்.

விரைவில் ஒரு சோதனை வந்தது. நகர நீதிமன்றத் தலைமை நீதிபதி மக்கானன் என்பவர், தம்மீது சுமத்தப்பட்ட கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையானார். ஆயினும் பொய்ச்சாட்சியம் கூறியதாக அவர்மீது மீண்டும் வழக்குத் தொடரப்பட்டது. விசாரணை 1921இல் ஃபுளோரன்ஸ் முன் வந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரோ ஒரு நீதிபதி, செல்வாக்கு மிக்கவர். அம்மையார் ஆள் பார்த்து நீதி வழங்கவில்லை. ஜூரிகள் குற்றவாளி என்று தீர்மானிக்கவே, சிறைத்தண்டனை விதித்தார்.

1922இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவில் ஒரு மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் இவரே. முதல் உலகப் போரில் இரு சகோதரரை இழந்தவராதலால், போரையே சட்டத்துக்குப் புறம்பாக்க வேண்டும் என்ற இயக்கத்திலும் உழைத்தார்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் வேறு, கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு. பின்னவற்றின் நீதிபதிகளை ஜனாதிபதி செனட் சபையின் ஒப்புதலோடு நியமிக்கிறார். அப்பதவி ஆயுள் உள்ளவரை நிலைக்கும். 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஒஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்களுக்குரிய ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஃபுளோரன்சை அமர்த்தினார். அந்நிலையில் அமர்ந்த முதல் பெண்மணி இவர்தாம். புதியவரைச் சக நீதிபதிகள் எல்லாரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை. ஃபுளோரன்ஸ் பேச்சால் அல்ல, வேலையால் பதிலளித்தார். கடினமான காப்புரிமை வழக்குகளைக்கூட ஆழ்ந்து கற்றுத் தீர்த்தார்.

டென்னசி ஆற்றில் அணைகள் கட்டி மின்சாரம் வழங்கிய அரசுத் திட்டத்தை எதிர்த்துத் தனியார் மின்சாரக் கம்பெனிகள் தொடுத்த பெரு வழக்கு, அவர் உள்ளிட்ட மூன்று நீதிபதிகளின் முன் வந்தது. 1938இல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். மறுஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றமும் கம்பெனிகளின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

அந்த உச்ச நீதிமன்றத்தின் ஆசனத்துக்கு அவர் பெயர் பல முறை பேசப்பட்டது. ஜனாதிபதி ட்ரூமன் காலத்திலும் பேசப்பட்டது. பெண் ஒருவர் உடனிருந்தால் தாங்கள் இயல்பாக உரையாட முடியாது என்று நீதிபதிகள் கருதியதால் அந்தக் கதவு திறக்கவில்லை. அம்மையார் மனக்கசப்போடு பணியை விட்டுவிடவில்லை. 1958இல் ஆறாவது வட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. மறுஆண்டு ஓய்வு பெற்றார்.

தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, நீதியாய் நடக்கப் பணிக்கும் இறைவாக்கினர் மீக்காவின் சொல்லையே தலைப்பாக வைத்து, 1965இல் வெளியிட்டார். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் தமது 82ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குத் திறவாத கதவு 1981இல் சாண்ட்ரா டே ஓகானருக்குத் திறந்தது.

அன்பு மாணவியரே! கை நரம்பு ஒரு கனவைப் பறித்தது. கல்லூரி ஒன்று கதவடைத்தது. உயர்ந்த ஆசனமும் எட்டாமல் போயிற்று. எனினும் தம் முன் வந்த ஒவ்வொரு வழக்கையும் நேர்மையோடு தீர்ப்பதிலிருந்து ஃபுளோரன்ஸ் ஒருநாளும் தவறவில்லை. கிடைத்த பணியைக் கண்ணும் கருத்துமாய்ச் செய்பவரே பின்வருவோர்க்குப் பாதை அமைக்கிறார் என்பதை அவர் வாழ்வு நமக்குச் சொல்கிறது.